நான்கு பொத்தான் மெஷினும் நீ போகிற நாடும்

கண்ணு,

போனில் சொன்னால் நீ "ம்... ம்..." என்று கேட்டுவிட்டு, "சரிம்மா, மீட்டிங் இருக்குது" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதி உன் அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது பார். பத்தாம் வகுப்போடு பேனாவைக் கீழே வைத்தவள் நான், எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். இன்று வெள்ளிக்கிழமை, எனக்கு வார விடுமுறை. காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோய், பொங்கி வழிந்து கருகல் வாடை வந்த பிறகுதான் ஓடினேன். நேற்று துவைத்துக் காயவைத்த துணியை எடுத்து மறுபடியும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்திருக்கிறேன். உன் அப்பா பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல், "ஏம்மே, செத்த உக்காரேன். நீ குறுக்கயும் நெடுக்கயும் நடக்கறதப் பாத்தா எனக்குத் தல சுத்துது" என்றார். உட்கார்ந்து பார்த்தேன். நடப்பதைவிட அது மோசமாக இருக்கிறது.

எல்லாம் உன்னால்தான். போன ஞாயிற்றுக்கிழமை வந்தாய். தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாய். "அந்த நாட்டுல ரெண்டு வருஷம் வேலைம்மா. சண்ட நின்னு இன்னும் முழுசா அடங்கல. ரெண்டு பக்கத்து ஆளுங்களுக்கும் சேத்து ஒரே ஒர்க்‌ஷாப் போடறோம். நீ வேணாம்னா போவல. சனிக்கிழமைக்குள்ள சொல்லு, ஆபீசுக்குப் பதில் தரணும்." அவ்வளவுதான். கையைக் கழுவிக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறிவிட்டாய். முடிவைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு நீ அங்கே நிம்மதியாக ஏசியில் உட்கார்ந்திருக்கிறாய். இது என்னடா நியாயம்? நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்தச் சமாதான அமைப்பில் சேர்ந்தபோது என்னைக் கேட்டாயா? அந்தப் பேய் பைக்கை வாங்கியபோது கேட்டாயா? உயிர் போகிற விஷயத்துக்கு மட்டும் அம்மா வேண்டுமா உனக்கு? உன் அப்பாவிடம் கேட்டால், "அவன் உன்னத்தான கேட்டான், நீயே சொல்லு" என்று வேன் சாவியை எடுத்துக்கொண்டு நழுவிவிடுகிறார். அப்பனும் மகனும் நன்றாகத்தான் சேர்ந்தீர்கள்.

வேண்டாம் என்று சொல்லிவிடுவது எனக்கு மிகவும் சுலபம். திங்கட்கிழமையே சொல்லியிருப்பேன். சொல்லாமல் நிற்பதற்குக் காரணம் நீ கொண்டுவந்து விட்டுப் போன அந்தப் பன்னிரண்டு பேர். அந்த நாட்டிலிருந்து வந்தவர்கள், துப்பாக்கி பிடித்த கைகள், அந்தப் பக்கம் ஆறு, இந்தப் பக்கம் ஆறு. பல நாடுகள் சேர்ந்து பணம் போட்டிருக்கின்றன, இவர்கள் ஒன்றாகத் தொழில் கற்றுக்கொண்டு திரும்பிப் போனால் அங்கே ஊர் உருப்படும் என்று நீ எங்கள் மேனேஜருக்கு அரைமணி நேரம் விளக்கினாய். இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் சொல்லித்தருகிறவள் நான் என்பதால் அவர்கள் என் கைக்கு வந்தார்கள். நீ ஒரு வாரம் இருந்தாய். முதல் நாளே மோசஸையும் சாமுவேலையும் எதிரெதிரே நிறுத்திக் கை குலுக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தாய். மோசஸ் நெடுநெடுவென்று வளர்ந்தவன், சிரிப்பு என்பதே கிடையாது. சாமுவேல் குள்ளம், வாய் ஓயாதவன். மோசஸின் அண்ணனைச் சாமுவேலின் பக்கத்து ஆட்கள் கொன்றார்கள், சாமுவேலின் வீட்டை மோசஸின் பக்கத்து ஆட்கள் கொளுத்தினார்கள் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அப்படிப்பட்ட இருவரைப் பிடித்துக் கை குலுக்கச் சொன்னால் குலுக்கத்தான் செய்வார்கள், நீ சம்பளம் கொடுக்கிற ஆள் ஆயிற்றே. நீ பெங்களூர் போன மறுநாள் கேன்டீனில் ஒருவன் தட்டை இன்னொருவன் தட்டிவிட, சோறும் குழம்பும் சுவர் வரைக்கும் தெறித்தது. அந்தப் போட்டோவை உங்கள் அமைப்பின் வெப்சைட்டில் இன்னும் வைத்திருக்கிறீர்களாமே, எடுத்துவிடு கண்ணு, பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

தட்டு விழுந்த அன்றே நான் ஒரு முடிவு எடுத்தேன். ஆறு பேரைக் காலை ஷிப்டில் போட்டேன், மற்ற ஆறு பேரை மதிய ஷிப்டில் போட்டேன். அதை நான் எங்கிருந்து கற்றேன் என்று உனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காவிரித் தகராறு வந்தபோதெல்லாம் எங்கள் பழைய கம்பெனி சூப்பர்வைசர் அதைத்தான் செய்வார். கன்னடம் பேசுகிறவர்கள் ஒரு லைன், தமிழ் பேசுகிறவர்கள் ஒரு லைன். என்னைப் போல வீட்டில் தெலுங்கு, ரோட்டில் கன்னடம், கம்பெனியில் தமிழ் என்று கிடக்கிற, கர்நாடக எல்லையோரத்துப் பேரிகை ஊர்க்காரியை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஸ்டோரில் ஸ்பேனர் எண்ணச் சொல்லிவிடுவார். அவர் கெட்டவர் இல்லை. யாருக்கும் அடிபடக் கூடாது என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஷிப்டைப் பிரித்ததும் ஷாப்பே அமைதியாகிவிட்டது. ஒருவரை ஒருவர் பார்க்கவே வேண்டியதில்லை. எனக்கு என்ன பெருமை தெரியுமா, உன் அப்பாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

அந்தப் பெருமை எவ்வளவு நாள் நின்றது என்று கேள். எங்கள் ஷாப்பின் மூலையில் இருக்கிற பழைய பெரிய பிரஸ்ஸை நீ பார்த்திருக்கிறாய். அதில் ஒரு ஆள் வேலை செய்ய முடியாது. முன்னால் நிற்பவர் தகட்டை வைப்பார், பின்னால் நிற்பவர் அடித்து முடிந்ததை எடுப்பார். முன்னால் இரண்டு பொத்தான், பின்னால் இரண்டு பொத்தான். இரண்டு பேரும் இரண்டு கையாலும், நான்கையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கிற இரும்பு இறங்கும். கை பொத்தானில் இருந்தால், இரும்பு வந்து இறங்குகிற அச்சுக்குள் இருக்காது, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? கொஞ்சம் பழகியதும் அட்டையை மடித்துப் பொத்தானின் ஓரத்தில் சொருகி, அது அழுந்தியபடியே நிற்கும்படி செய்துவிடுவார்கள். ஒரு கை மிச்சம், வேலை வேகம். ஓசூரில் விரல் இல்லாதவர்கள் பலருடைய கதை அந்த அட்டையில்தான் ஆரம்பித்திருக்கும். இந்தப் பிள்ளைகளும் நம் ஆட்களிடம் அந்தக் கெட்ட வித்தையை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். தமிழில் பத்து வார்த்தை வரவில்லை, அட்டை சொருக மட்டும் வந்துவிட்டது.

ஒரு நாள் காலை ஷிப்டில், ஒரே பக்கத்தைச் சேர்ந்த இருவர், ஒரே ஊர்க்காரர்கள், உயிருக்கு உயிரானவர்கள், அந்த மெஷினில் நின்றார்கள். பின்னால் நின்றவன் தன் இரண்டு பொத்தானிலும் அட்டை சொருகிவிட்டான். சிக்கிக்கொண்ட ஒரு தகட்டை எடுக்கக் குனிந்து கையை உள்ளே விட்டான். முன்னால் நின்றவன் பாட்டுப் பாடிக்கொண்டே அழுத்திவிட்டான். மெஷினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை நான் குத்தியது எனக்கே தெரியாது கண்ணு. இரும்பு கடைசி நூலிழையில் நின்றது. கையுறையின் நுனி மட்டும் உள்ளே மாட்டிக் கிழிந்திருந்தது. விரல் தப்பியது. அவன் சிரித்தான். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து நான் திட்டிய திட்டு மூன்று மொழியிலும் போனது. எந்த மொழி புரிந்ததோ, அவன் சிரிப்பு நின்றது.

அந்தக் கோபத்தில்தான் ஷிப்டுகளை மறுபடி கலைத்துப் போட்டேன். யாருக்கு யாரை ஆகவே ஆகாதோ அவர்களாகப் பார்த்துப் பெரிய பிரஸ்ஸில் ஜோடி சேர்த்தேன். முன்னால் மோசஸ், பின்னால் சாமுவேல். சமாதானம் செய்துவைக்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை, பொய் சொல்ல மாட்டேன். ஒருவனை ஒருவன் நம்பாதவன் அட்டை சொருக மாட்டான், அவ்வளவுதான் நினைத்தேன். நினைத்தது சரியாக நடந்தது. இரண்டு பேரும் நான்கு பொத்தானையும் அப்படி அழுத்தினார்கள், புத்தகத்தில் படம் போடலாம். ஒருவன் கையை ஒருவன் பார்ப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். "போடு", "எடு", "நில்லு" என்கிற மூன்று தமிழ் வார்த்தை மட்டும்தான் அவர்களுக்குள் போனது. வாய் ஓயாத சாமுவேல் அந்த மெஷினுக்குப் பின்னால் நின்றால் ஊமை. எங்கள் ஷாப்பிலேயே அதிகமாக வேலை தள்ளியது அந்த ஜோடிதான். மாதங்கள் இப்படியே போயின. போனில் நீ, "எப்படிம்மா, ரெண்டு பேரும் பேசிக்கறாங்களா?" என்று கேட்பாய். "போடு எடுன்னு பேசிக்கறாங்க, அது போதும் போ" என்பேன். நீ பெருமூச்சு விடுவாய்.

இப்போது நீ வந்துபோன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை டீ நேரம் முடிந்து சுற்றி வருகிறேன், பெரிய பிரஸ்ஸின் பின்பக்கத்துப் பொத்தான் ஒன்றில் அட்டை. சாமுவேலின் பொத்தானில்! எனக்கு வந்த ஆத்திரத்தில் மெஷினை நிறுத்தி, அட்டையைப் பிடுங்கி, இருவரையும் வெளியே மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "உன் கை போனா உங்க ஊர்ல எவன்டா பதில் சொல்லுவான்?" என்று சாமுவேலைப் பார்த்துக் கத்தினேன். பதில் சொன்னது மோசஸ். அவர்கள் பேசுவது பாதி ஆங்கிலம், பாதி நம் ஷாப் தமிழ். உனக்குப் புரியும்படி எழுதுகிறேன். "எனக்குத் தெரியும் அம்மா. அவன் கையை உள்ளே விடுவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்ப்பான். நான் பொறுத்திருப்பேன்" என்றான். அண்ணனைப் பறிகொடுத்தவன், கொன்றவர்கள் பக்கத்து ஆளின் கைக்கு இவன் காவல் நிற்கிறானாம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷம்தான். ஆனால் சந்தோஷப்பட்டால் விரல் போய்விடுமே, அதனால் இருவருக்கும் இரண்டு நாள் மெஷின் கிடையாது, தரையைக் கூட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். நீ இருந்திருந்தால் உடனே போட்டோ எடுத்திருப்பாய்.

அவர்கள் கூட்டுகிறபோதுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. இரண்டு நாளாக யாரிடம் கேட்பது என்று தவித்துக்கொண்டிருந்தேனே, இவர்களைவிட யாருக்குத் தெரியும்? மதியச் சாப்பாடு முடிந்ததும் கேட்டேன். "என் மவன் உங்க ஊருக்கு வரட்டுமா, வேணாமா? எனக்கு நல்லது சொல்லாதீங்க, நெஜத்தச் சொல்லுங்க" என்றேன். சாமுவேல் உடனே, "வரட்டும் அம்மா, இப்போது பயம் இல்லை" என்றான். மோசஸ், "பொய் சொல்லாதே" என்று அவன் பக்கம் திரும்பினான். அப்புறம் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். போடு எடு தவிர வேறு பேசாத இரண்டு பேர், தங்கள் மொழியில் நெருப்பாகப் பேச ஆரம்பித்தார்கள். ஷாப்பே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. அடிதடி ஆகிவிடும் என்று நான் நடுவில் போகப் பார்த்தேன். சாமுவேல் என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு, மார்க் போடுகிற சாக்பீசை எடுத்துத் தரையில் ஒரு கோடு இழுத்தான். அது அவர்கள் ஊரில் ஓடுகிற ஆறு என்றான். மோசஸ் அதை வாங்கிப் பாலத்தைப் போட்டான். இந்தப் பக்கத்து ரோட்டில் இருட்டிய பிறகு போகவே கூடாது, எங்கள் ஆட்கள் இன்னும் சிலர் ஆயுதத்தைக் கொடுக்கவில்லை என்றான் மோசஸ். தன் பக்கத்தைப் பற்றியேதான் சொன்னான், பார்த்துக்கொள். சந்தைக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்பில் எங்கள் ஆட்கள் கோபத்தில் இருக்கிறார்கள், அங்கே வெளியூர் வண்டியைக் கண்டால் கல் விழும் என்று சாமுவேல் ஒரு வட்டம் போட்டான். அவனும் தன் பக்கத்தைத்தான் சொன்னான். எங்கே கண்ணி வெடி எடுக்கவில்லை, எந்த ஆஸ்பத்திரியில் ரெண்டு பக்கத்து ஆளையும் சேர்த்துக்கொள்வார்கள், உங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் பார்த்திருக்கிற இடம் ஏன் தப்பு, எல்லாம் தரையில் வந்தது. இடத்தை மாற்றச் சொல்லு கண்ணு. அது ஒரு பக்கத்துக்காரர்கள் மட்டும் புழங்குகிற தெருவாம், இன்னொரு பக்கத்துக்காரன் சாகத் துணிந்தால்தான் உள்ளே வருவானாம். உங்கள் ஆபீசில் இவ்வளவு பேர் படித்திருக்கிறீர்கள், இவர்கள் இருவரையும் சேர்த்து உட்காரவைத்துக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லையா? தனித்தனியாகக் கேட்டிருப்பீர்கள். தனியாகக் கேட்டால் ஒவ்வொருவனும் அடுத்தவன் பக்கத்துக் குற்றத்தைத்தான் சொல்லியிருப்பான்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது உன் அப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார். நீ நான்காவது படித்த வருஷம், காவிரிக் கலவரத்தில் எல்லையில் பஸ் நின்றுபோய், ஜூஜுவாடியிலிருந்து அத்திப்பள்ளி வரைக்கும் ஜனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்களே, அப்போது அவர் வேன் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. வேனில் கெலமங்கலத்துப் பெண்கள் இருந்தார்கள். நீ வாசலிலேயே நின்று அப்பா எங்கே அப்பா எங்கே என்று உயிரை எடுத்தாய். அவர் ராத்திரிக்குள் எல்லோரையும் கொண்டுவந்து சேர்த்தார். எப்படி என்று கேட்டதற்கு அன்றைக்கு அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "அந்தப் பக்கத்து ஆனேக்கல் டிரைவர், கன்னடக்காரன் ஒருத்தன் போன் பண்ணான் மே. எங்க ஆளுங்க மெயின் ரோட்டுல டயர் கொளுத்தறாங்க, நீ தளி ரோட்டுல சுத்திக்கினு போன்னான். நானும் நம்ம பக்கம் எங்க மறிக்கறாங்கன்னு அவனுக்குச் சொன்னேன்." அந்த டிரைவரை அவர் அதற்கு முன்னால் இரண்டு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. காவிரியைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் இருவரும் அடித்துக்கொள்வார்கள். ஆனால் தன் பக்கத்து ஆள் எங்கே கல்லோடு நிற்கிறான் என்று மற்றவனுக்குச் சொல்லிவிட்டார்கள். அங்கே போய் நீ எல்லோரையும் கட்டிப்பிடிக்கவைக்கப் பார்க்காதே. பணம் கொடுத்த நாடுகள் சீக்கிரம் சீக்கிரம் என்று பறக்கும், நீயும் சேர்ந்து பறக்காதே. தன் பக்கத்து ஆபத்தை எதிராளிக்குச் சொல்கிற ஆட்களைத் தேடு. இரண்டு பக்கத்திலும் இருப்பார்கள், சத்தம் போட மாட்டார்கள், அதனால் கண்ணில் பட மாட்டார்கள்.

இவ்வளவும் எழுதியதால் எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. முன்னால் எதைப் பார்த்துப் பயப்படுவது என்று தெரியாமல் பயந்தேன். இப்போது பாலம், சந்தை, இருட்டிய ரோடு என்று பெயர் வைத்துப் பயப்படுகிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் வேண்டாம் என்று சொன்னால் நீ நிஜமாகவே போகாமல் இருந்துவிடுவாய், எனக்குத் தெரியும். என் பக்கத்திலேயே இருப்பாய், ஞாயிற்றுக்கிழமை வந்து தோசை சாப்பிடுவாய், ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டாய். அந்தக் குறை சொல்லாத முகத்தை வாழ்நாள் முழுக்க எதிரே வைத்துக்கொண்டு என்னால் சோறு போட முடியாதுடா.

மோசஸும் சாமுவேலும் அடுத்த வாரம் ஊருக்குப் போகிறார்கள். நேற்று அவர்களிடம் என் மகன் வந்தால் யார் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன். "எங்கள் பக்கம் தங்கட்டும், நான் வந்து கூட்டிப்போகிறேன்" என்றான் சாமுவேல். "வேண்டாம், எங்கள் வீட்டில் என் அம்மா இருக்கிறாள், நான் போய்க் கூட்டிவருகிறேன்" என்றான் மோசஸ். மறுபடி சண்டை. இந்தத் தடவை நான் விலக்கவில்லை. முடிந்ததும் சொன்னேன், அவன் யார் வீட்டிலும் தங்க மாட்டான், இரண்டு பேரும் சேர்ந்து ஏர்போர்ட்டுக்கு வர வேண்டும், ஒரே வண்டியில் வர வேண்டும் என்று. அங்கே அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒருவன் பக்கத்து வண்டியில் இன்னொருவன் ஏறினால் வழியில் நிறுத்திக் கேட்பார்களாம், வீட்டில் என்ன சொல்வார்களோ தெரியாதாம். மோசஸ்தான் முதலில் சரி என்றான். சாமுவேல் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

ஆகவே சனிக்கிழமை உன் ஆபீசில் சொல்லிவிடு. போய் இறங்கியதும் அவசரப்பட்டு வெளியே ஓடாதே. கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயே நின்று பார். ஒருவன் மட்டும் வந்து நின்றால், அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், என்ன காரணம் சொன்னாலும், வெளியே கால் வைக்காமல் அடுத்த விமானத்தில் திரும்பி வந்துவிடு. நான் ஒரு கேள்வி கேட்க மாட்டேன்.

இரண்டு பேரும் நின்றிருந்தால், போ கண்ணு.

உன் அம்மா